பெல்ஃபாஸ்ட்ல செல்டிக் ஜெர்சி போட்டுட்டு சுத்தலாமுங்களா?

பெருந்துறை பக்கத்து தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. செப்டம்பர்ல பெல்ஃபாஸ்டுக்கு மேல்படிப்புக்கு போறாராம், செல்டிக் டீம்னா உசுராம், பச்சை வெள்ளைப் பட்டை ஜெர்சி ரெண்டு வச்சிருக்காராம், அதைப் போட்டுட்டு அங்க சுத்துனா வம்பு வரும்னு யாரோ சொல்லி உட்டுட்டாங்களாம். "அது ஸ்காட்லாந்து டீமுங்ணா, அயர்லாந்துல இருக்கறவனுக்கு அதுல என்னங்ணா வந்துச்சு, வெறும் ஃபுட்பால்தானுங்களே"ன்னு கேக்கறாரு.

நான் அந்த ஊர்ல மூணு வருசம் இருந்துட்டு வந்தவனுங்க, படிச்சு, கொஞ்ச நாள் வேலையும் பாத்துட்டு இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறேன். ஃபுட்பால் பைத்தியம் நானும்தான். அதனால ஒரு வரியில சொல்லிட்டுப் போக மனசு வரல, சித்த நீளமாத்தான் வரும்.

மொதல்ல நேரடி பதில் தம்பி: போன ஒடனே போடாதீங்க. ரெண்டு மூணு மாசம் பெட்டிக்கு அடியில கெடக்கட்டும். அந்தச் சட்டை அங்க என்ன பேசுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்பறம் நீங்களே முடிவு பண்ணுங்க, ஏன்னா நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அது பேசிரும்.

நம்மூர்ல கல்யாணத்துக்கு ஒருத்தர் கருப்பு செகப்பு கரை வேட்டில வர்றாரு, இன்னொருத்தர் கரையில நடுவுல வெள்ளை ஓடுது. யாரும் யாரையும் எந்தக் கட்சின்னு கேக்கறதில்லீங்க, பந்தியில யாரு பக்கத்துல யாரை உக்கார வைக்கறதுன்னு வேட்டியப் பாத்தே முடிவு பண்ணிருவாங்க. அங்க ஜெர்சி அந்தக் கரை வேட்டி மாதிரின்னு வச்சுக்கலாம், ஆனா பாதிதான் சரி, ஏன்னா கட்சி மாறுனா நாளைக்கே வேட்டி மாறிரும், அங்க அந்தச் சட்டை அதுக்கும் அடியில இருக்கறதைச் சொல்லுது. நம்ம பக்கம் புது ஆளப் பாத்தா எப்படி ஆரம்பிப்பாங்க, "எந்த ஊருங்க", அப்பறம் "ஊர்ல எந்தப் பக்கமுங்க", அப்பறம் "குலதெய்வம் எதுங்க". மூணாவது கேள்விக்குள்ள வேணுங்கறது கெடச்சிரும், சாதி என்னன்னு ஒருத்தரும் நேரா கேட்டிருக்க மாட்டாங்க. சின்ன வயசுல இருந்தே எனக்கு அந்தக் கேள்வி வரிசையக் கண்டா வயித்தப் பெசையும். பெல்ஃபாஸ்டுக்குப் போனா அதே வரிசை அங்கயும் இருக்குது. எந்த ஸ்கூல்ல படிச்சே, எந்த ரோட்டுப் பக்கம் ஊடு, பேரு என்ன, 'எச்'ங்கற எழுத்தை 'ஏச்'ன்னு சொல்றியா 'ஹேச்'ன்னு சொல்றியா, ரெண்டாவது பெரிய ஊரை டெர்ரின்னு சொல்றியா லண்டன்டெர்ரின்னு சொல்றியா. கடைசியா சாதாரணமா சிரிச்சுக்கிட்டே, எந்த டீமு?

நான் போன மொத மாசம் டாக்சி டிரைவர் ஒருத்தர் இந்தக் கடைசி கேள்விய கேட்டாரு, நான் வெகுளியா செல்டிக்னு சொன்னேன். அவரு ஒண்ணுமே சொல்லலீங்க. அதுவரைக்கும் மழையப் பத்தி, இந்தியாவப் பத்தி, கிரிக்கெட்டப் பத்தி வாய் ஓயாம பேசிட்டு வந்த மனுசன் எறங்கற வரைக்கும் பேசல. அவ்வளவுதான் நடந்துச்சு, அடிக்கல, திட்டல. ஆனா அந்த பத்து நிமிசம் எனக்கு இன்னும் மறக்கல.

தகராறு என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். அயர்லாந்து தீவு முழுக்க பிரிட்டன் கையில இருந்துச்சு, 1921ல ரெண்டாப் பிரிச்சாங்க, தெக்க இருக்கறது தனி நாடாச்சு, வடகெழக்குல 6 மாவட்டம் பிரிட்டன் கூடவே இருந்துக்கிச்சு, அதுதான் வட அயர்லாந்து. அந்த 6 மாவட்டம் பிரிட்டன்லயே இருக்கணுங்கறவங்க யூனியனிஸ்ட், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். தெக்கத்த அயர்லாந்தோட சேரணுங்கறவங்க நேஷனலிஸ்ட், பெரும்பாலும் கத்தோலிக்கர். ரெண்டு பக்கமும் ஏசுவத்தான் கும்புடறாங்க, சண்டை சாமிக்காக இல்லீங்க, இந்த மண்ணு எந்த நாட்டோடதுங்கறதுக்கு. 1960களோட கடைசில ஆரம்பிச்சு 1998 சமாதான ஒப்பந்தம் வரைக்கும் சுமார் 3,500 பேரு செத்தாங்க. பிரிக்கும்போது கத்தோலிக்கர் மூணுல ஒரு பங்குதான், 2021 கணக்கெடுப்புல கத்தோலிக்கப் பின்னணி 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணி 43.5 சதவீதம். அதனால இந்தக் கேள்வி முடிஞ்சு போன கேள்வின்னு நெனைச்சுக்கிட்டுப் போயிராதீங்க.

இதுல ஃபுட்பால் எங்க வந்துச்சுன்னா, நாடு பிரிஞ்ச அதே வருசம் ஃபுட்பாலும் பிரிஞ்சுது. ரக்பிக்கு இன்னைக்கும் தீவு முழுக்க ஒரே டீம், கிரிக்கெட்டுக்கும் ஒரே டீம், நம்ம பசங்க உலகக் கோப்பையில பாக்கற அயர்லாந்து டீம்ல ரெண்டு பக்கத்து ஆளுகளும் இருக்காங்க. ஃபுட்பாலுக்கு மட்டும் ரெண்டு. 1880ல இருந்து பெல்ஃபாஸ்ட்ல ஒரு சங்கம்தான் மொத்தத் தீவுக்கும் நடத்திட்டு இருந்துச்சு. 1921ல கோப்பை அரையிறுதில டப்ளின் டீம் ஷெல்போர்னும் வடக்கத்தி டீம் க்ளெனாவனும் பெல்ஃபாஸ்ட்ல டிரா ஆனாங்க, மறுக்கா ஆடற மேட்ச் டப்ளின்லதான் நடக்கணும்னு ஷெல்போர்ன் சொல்லுச்சு, சங்கம் மறுபடியும் பெல்ஃபாஸ்டுக்கே வரச் சொல்லுச்சு, அவங்க வரல. அந்த வருசமே டப்ளின்ல தனிச் சங்கம் ஆரம்பிச்சாச்சு. பாருங்க, எல்லைக்கோடு வரைஞ்ச சண்டையில பந்துக்கு வந்த சண்டை 'மேட்ச் யார் ஊர்ல'ங்கறது. அப்பறம் ரெண்டு சங்கமும் தன்னோட டீமுக்கு 'அயர்லாந்து'ன்னே பேரு வச்சுக்கிச்சு, ரெண்டும் தீவு முழுக்க ஆள் எடுத்துச்சு, ஒரே ஆளு ரெண்டு அயர்லாந்துக்கும் ஆடியிருக்கான், 1950 வரைக்கும் இந்தக் கூத்து ஓடுச்சு, பொறவு ஃபிஃபா தலையிட்டுத்தான் ரெண்டு பேரும் வேற வேற பேர்ல வாங்கன்னுச்சு.

இனி பெல்ஃபாஸ்டுக்குள்ள வருவோம். என்னைக் கேட்டா ஒங்க ஜெர்சி கதையே இங்கதான் இருக்குது.

லின்ஃபீல்டுன்னு ஒரு கிளப், 1886, தெக்கு பெல்ஃபாஸ்ட் தொழிலாளிக ஏரியா, புராட்டஸ்டன்ட் டீம், நீலச் சட்டை, கிரவுண்டு விண்ட்சர் பார்க். அதுக்கு எதிரா மேக்க பெல்ஃபாஸ்ட் செல்டிக், 1891ல ஆரம்பிச்சது, ஒங்க ஸ்காட்லாந்து டீமு, கிளாஸ்கோ செல்டிக்கப் பாத்துப் பேரு வச்சது, அதே பச்சை வெள்ளை. கத்தோலிக்க ஏரியா டீம்தான், ஆனா தெறமை இருக்கறவன் எவனா இருந்தாலும் சேத்துக்குவாங்க, மேனேஜர் எலிஷா ஸ்காட்டே புராட்டஸ்டன்ட். 14 தடவை லீக் ஜெயிச்ச டீமுங்க. அவங்க கிரவுண்ட ஜனங்க 'சொர்க்கம்'னு கூப்புடுவாங்க. வேலையில ஓரங்கட்டுனாலும் ஊடு குடுக்காட்டியும் சனிக்கிழமை மத்தியானம் நாம ஜெயிப்பம்ங்கறதுதான் அந்த ஜனங்களுக்கு அந்த டீம்.

1948 டிசம்பர் 27, விண்ட்சர் பார்க்ல லின்ஃபீல்டு கூட மேட்ச். செல்டிக் ஸ்ட்ரைக்கர் ஜிம்மி ஜோன்ஸ், சின்னப் பையன், கோல் மேல கோல் போட்டுட்டு இருந்தவன். மேட்ச்ல லின்ஃபீல்டு ஆளு பாப் பிரைசனும் அவனும் மோதிக்கிட்டதுல பிரைசனுக்குக் கால்ல அடி. அதை மைக்ல சொன்னாங்க, கூட்டம் சூடாயிருச்சு. 1-1ன்னு மேட்ச் முடிஞ்சுது, விசில் அடிச்ச ஒடனே கூட்டம் உள்ள எறங்கிருச்சு. ஜோன்ஸைப் புடிச்சு இழுத்து, கட்டைச் சுவத்துக்கு அக்கட்ட தள்ளி, மிதிச்சு, காலை ஒடைச்சுட்டாங்க.

இதுல என் நெஞ்சை அறுக்கறது என்னன்னா, ஜிம்மி ஜோன்ஸ் புராட்டஸ்டன்ட். அவனை மிதிச்சவங்களோட சொந்த ஆளு. அன்னைக்கு அந்த நூத்துக்கணக்கான கண்ணுக்கு அவன் பேரு, சர்ச்சு, ஊடு ஒண்ணும் தெரியல, மேல இருந்த பச்சை வெள்ளைப் பட்டை மட்டும்தான் தெரிஞ்சுது. தம்பி, 'வெறும் ஃபுட்பால்தானே'ன்னு நீங்க கேட்டதுக்கு எனக்கு ஒடனே நெனப்பு வந்தது இந்தப் பையன்தான்.

அந்த சீசன் முடிஞ்சதும் 1949ல பெல்ஃபாஸ்ட் செல்டிக் லீக்க விட்டே வெளிய வந்துட்டாங்க. போற போக்குல அமெரிக்கா டூர் போயி நியூயார்க்ல ஸ்காட்லாந்து தேசிய டீமையே 2-0ன்னு ஜெயிச்சாங்க, அப்பேர்ப்பட்ட டீம், அதோட சரி. திரும்பி வரவே இல்ல. அந்த 'சொர்க்கம்' இருந்த எடத்துல இப்ப ஷாப்பிங் சென்டர் இருக்குது, நான் அங்க போயி காய்கறி வாங்கிருக்கேன். டீம் போனதும் அந்த ஜனங்க எங்க போவாங்க, பாசத்தை எங்கயாவது வைக்கணுமில்ல, பேரும் நெறமும் ஒண்ணா இருந்த கிளாஸ்கோ டீமுக்கு ஏற்கனவே ஒரு காலு வச்சிருந்தாங்க, ரெண்டு காலையும் வச்சுட்டாங்க. சனிக்கிழமை காலையில கப்பல் ஏறி கடல் தாண்டி மேட்ச் பாத்துட்டு ராத்திரி ஊடு திரும்பற ஜனம் இன்னைக்கும் இருக்குது. நீலக் கட்சி அதே மாதிரி கிளாஸ்கோவோட இன்னொரு டீமு ரேஞ்சர்ஸுக்கு. பெரும்பாலும் அதே துறைமுகம், அதே மாதிரி கப்பல்.

கிளாஸ்கோ கதைய நீளமா சொல்ல வேண்டியதில்ல, ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அயர்லாந்துல இருந்து பொழைக்கப் போன ஏழைகளுக்குச் சோறு போட பணம் சேக்கறதுக்குன்னு பிரதர் வால்ஃபிரிட்ங்கற துறவி 1887ல ஆரம்பிச்ச கிளப் செல்டிக். அவங்க மொத மேட்சே 1888ல ரேஞ்சர்ஸ் கூடத்தான், 5-2. பகை பின்னாடி வந்துச்சு, எழுதாத சட்டமா ரேஞ்சர்ஸ் ரொம்ப காலம் கத்தோலிக்கர எடுக்காம இருந்து 1989ல மோ ஜான்ஸ்டன எடுத்தப்ப அவங்க ரசிகர்களே ஸ்கார்ஃப எரிச்சாங்க. செல்டிக் அப்படி இல்ல, 1967ல ஐரோப்பியக் கோப்பைய வாங்கிக் குடுத்த ஜாக் ஸ்டைன் புராட்டஸ்டன்ட்.

சரி, டெர்ரிக்கு வாங்க. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

டெர்ரி சிட்டின்னு கிளப், கிரவுண்டு பேரு பிராண்டிவெல், நேஷனலிஸ்ட் குடியிருப்புக்கு நட்ட நடுவுல. வட அயர்லாந்து லீக்ல 1929ல இருந்து ஆடிட்டு இருந்தாங்க, 1965ல லீக்கே ஜெயிச்சாங்க. கலவரம் ஆரம்பிச்சதும் மத்த டீம்க அந்த ஏரியாவுக்குள்ள வரப் பயந்தாங்க, 1971ல ஆட வந்த ஒரு டீமோட பஸ்ஸ அந்த ஏரியாப் பசங்க எரிச்சுட்டாங்க. அப்பறம் பிராண்டிவெல்ல மேட்சே கெடையாது, 'சொந்த ஊர்' மேட்சுக்கு 50 கிலோமீட்டர் தள்ளி கோல்ரெய்னுக்குப் போகணும், அது யூனியனிஸ்ட் ஊரு. யாரு போவா? டிக்கெட் விக்கல. 1972ல பாதுகாப்புக்காரங்க சரி, பிராண்டிவெல்ல ஆடிக்கலாம்னு சொன்னாங்க, ஆனா மத்த கிளப்புக ஓட்டுப் போட்டு ஒத்துக்கல, ஒரே ஒரு ஓட்டுல போச்சு. டெர்ரி லீக்க விட்டு வெளிய வந்துட்டாங்க. 13 வருசம் ஒரு பெரிய டீம் இல்லாம கெடந்துச்சு அந்த ஊரு. 1985ல என்ன பண்ணாங்கன்னா, எல்லை கூப்பிடு தூரம், தெக்கத்தி நாட்டு லீக்ல அனுமதி வாங்கிச் சேந்துட்டாங்க. பிரிட்டன் எல்லைக்குள்ள இருக்கற ஊரு, பிரிட்டிஷ் தபால், பிரிட்டிஷ் பணம், டீம் மட்டும் வேற நாட்டு லீக்.

நம்ம பக்கம் வச்சு யோசிச்சுப் பாருங்க. வாளையாறு எல்லை 1956ல வந்துச்சு, நமக்கும் பாலக்காட்டுக்கும் ஒரு பகையுமில்ல, காலையில அக்கட்ட போயிட்டு சாயங்காலம் இக்கட்ட வர்றோம். ஒரு கோயமுத்தூர் டீம் இனி நான் அக்கட்ட லீக்லதான் ஆடுவேன்னு போயிருந்தா எப்படி இருந்திருக்கும், அதுவும் இங்க இருக்கற மத்த டீம்க எங்க கிரவுண்டுக்கே வர மாட்டேன்னு சொன்னதால? டெர்ரியில இருக்கறவன் கிட்ட இது அரசியலான்னு கேட்டா எங்களுக்கு ஆட எடம் வேணும், அவ்வளவுதான்னு சொல்லுவான், அது நெசந்தான். ஆனா அவன் மனசுல இருந்த வரைபடத்தோட அது எவ்வளவு பொருந்திப் போச்சு பாருங்க. 1989ல தெக்கத்தி லீக், கோப்பை, லீக் கோப்பைன்னு மூணையும் ஒரே சீசன்ல அள்ளுனாங்க. இன்னொரு விசயம், அந்த ஏரியாவுக்குள்ள போலீஸ் வந்தாலே கலவரம் வரும்னு, போலீஸ் இல்லாம கிளப்பே கூட்டத்தைப் பாத்துக்கலாம்னு ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம் யூஃபா தனி அனுமதி குடுத்துச்சு. ஒரு நாட்டோட போலீசு வர முடியாத மைதானம்.

இங்கதான் நான் சொல்ல வர்ற வெசயம். யாரு எந்த டீமுக்கு சப்போர்ட்டுன்னு பாத்து அரசியல அளக்கறாங்க எல்லாரும், ஆராய்ச்சி பண்றவங்க கூட அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க. எனக்கு அங்க இருந்து பாத்ததுல தோணுனது, அவன் எந்த கிரவுண்டுக்குள்ள நிம்மதியா போக முடியாதுங்கறதப் பாத்தா அதைவிட நெறைய தெரியும். வடக்கு பெல்ஃபாஸ்ட்ல கிளிஃப்டன்வில்னு கிளப், 1879, தீவுலயே பழைய கிளப். கலவரத்துல சுத்துப்பட்டு ஜனம் எடம் மாறி, கத்தோலிக்கர் அதிகமாயி, டீமும் அந்தப் பக்கத்து டீம்னு ஆயிருச்சு. 1970ல இருந்து 1998 வரைக்கும் லின்ஃபீல்டு அவங்க கிரவுண்டுக்கு வரவே இல்ல, பாதுகாப்பு காரணம். லின்ஃபீல்டு கூட கிளிஃப்டன்வில்லோட சொந்த ஊர் மேட்ச் எங்க நடந்துச்சு தெரியுங்களா? லின்ஃபீல்டோட விண்ட்சர் பார்க்ல. 28 வருசம், தன்னோட ஹோம் மேட்ச எதிரியோட ஊட்டுல ஆடறது. அந்த ரசிகன் கிட்ட போயி 'இது ஒங்க நாடு, ஒங்க தேசிய டீம், அதே விண்ட்சர் பார்க்லதான் ஆடுது, வந்து கைதட்டுங்க'ன்னு சொன்னா எப்படி தட்டுவான்?

ஆமாங்க, தேசிய டீமுக்கும் அதே கிரவுண்டுதான். மேட்சுக்கு முன்னாடி பிரிட்டிஷ் ராஜ கீதம். 1982 உலகக் கோப்பையில அந்த டீம் நடத்துனது எனக்கு இன்னும் சிலிர்க்கும்: வலென்சியாவுல போட்டி நடத்துன ஸ்பெயினையே 1-0. கோல் போட்ட ஜெரி ஆம்ஸ்ட்ராங் மேக்கு பெல்ஃபாஸ்ட் கத்தோலிக்கர், கேப்டன் மார்ட்டின் ஓ'நீல் கத்தோலிக்கர், கோல்கீப்பர் பாட் ஜென்னிங்ஸ் கத்தோலிக்கர், கூட ஆடுன 17 வயசு நார்மன் வைட்சைடு ஷாங்கில் ரோட்டு புராட்டஸ்டன்ட் பையன். வெளிய குண்டு வெடிச்சுட்டு இருந்த காலத்துல ரெண்டு பக்கமும் அன்னைக்கு ராத்திரி குதிச்சதா வயசானவங்க சொல்லுவாங்க.

அது நீடிக்கல. 1993 அக்டோபர்ல ஷாங்கில் ரோட்டுல குண்டு, ஒரு வாரத்துல க்ரேஸ்டீல்ல பாருக்குள்ள துப்பாக்கிச் சூடு, ரெண்டு பக்கமும் சாவு. மூணு வாரம் கூட ஆகல, நவம்பர் 17, விண்ட்சர் பார்க்ல வடக்கும் தெக்கும் நேருக்கு நேர் உலகக் கோப்பை தகுதி மேட்ச். தெக்கத்தி ரசிகர்களுக்கு டிக்கெட்டே கெடையாது. 1-1, தெக்கு அமெரிக்கா உலகக் கோப்பைக்குப் போச்சு. அடுத்த ஜூன் 18, அங்க இத்தாலிய 1-0ன்னு ஜெயிச்சுட்டு இருக்கறப்ப, வட அயர்லாந்துல லாக்கினிலாண்ட்ங்கற கிராமத்துல சின்ன பார்ல டிவில அந்த மேட்ச பாத்துட்டு இருந்தவங்கள யூனியனிஸ்ட் பக்கத்து ஆயுதக்குழு சுட்டுச்சு. 6 பேரு போயிட்டாங்க, அதுல ஒருத்தருக்கு வயசு 87. அந்த பாருக்குள்ள இருந்தவங்க எந்தப் பக்கம்னு சுட்டவங்களுக்கு எப்படித் தெரியும், அந்த மேட்ச அந்த எடத்துல உக்காந்து பாக்கறவங்க கத்தோலிக்கராத்தான் இருக்கணும்னு முடிவு பண்ணிக்கிட்டாங்க. ஜிம்மி ஜோன்ஸ் கதையேதான், துப்பாக்கியோட.

நீல் லென்னன ஒங்களுக்குத் தெரியும், செல்டிக் கேப்டனா, மேனேஜரா. அவரு வட அயர்லாந்துக்கு 40 மேட்ச் ஆடுனவரு. கத்தோலிக்கர்தான், க்ரூ, லெஸ்டர்ல ஆடிட்டு இருந்த வரைக்கும் யாருக்கும் அது பெருசாத் தெரியல. 2000 கடைசில செல்டிக்ல சேந்தாரு, 2001 பிப்ரவரில நார்வே மேட்ச்ல சொந்த ரசிகர்களே அவரு காலுக்குப் பந்து போறப்பல்லாம் ஊளையிட்டாங்க. 2002 ஆகஸ்டுல சைப்ரஸ் கூட கேப்டனா எறங்க வேண்டிய அன்னைக்கு கொன்னுருவோம்னு போன் வந்துச்சு, அதோட தேசிய டீம விட்டுட்டாரு. ஆளும் அதே ஆளு, சாமியும் அதே சாமி, மாறுனது சட்டை மட்டும்தானுங்க.

இப்பத்த பசங்க வேற வழி பாத்துக்கறாங்க. 1998 ஒப்பந்தப்படி வடக்குல பொறந்தவன் பிரிட்டிஷ், ஐரிஷ், இல்ல ரெண்டும்னு தானே சொல்லிக்கலாம். அதனால டெர்ரியில பொறந்த டேரன் கிப்சன், ஜேம்ஸ் மெக்லீன் எல்லாம் தெக்கத்தி டீமுக்கு ஆடப் போனாங்க, வடக்குச் சங்கம் சண்டை போட்டு 2010ல விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போயி தோத்துச்சு. மெக்லீன இங்கிலாந்துல ஆடறப்ப வருசா வருசம் திட்டுவாங்க, போர்ல செத்த பிரிட்டிஷ் வீரர்களுக்காக நவம்பர்ல சட்டையில குத்தற பாப்பி பூவ அவரு குத்த மாட்டாரு. 1972 ஜனவரி 30 அன்னைக்கு டெர்ரியில ஊர்வலம் போனவங்கள பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு 13 பேரு அன்னைக்கே செத்தாங்க, அதுல 6 பேரு அவரு வளந்த க்ரெகன் குடியிருப்புக்காரங்க. நான் அவரு எடத்துல இருந்தாலும் குத்தியிருக்க மாட்டேன். அதே நேரம், குத்தறவங்க ஊட்லயும் போர்ல செத்த தாத்தா போட்டோ மாட்டியிருக்கும், அதையும் நான் பாத்திருக்கேன்.

இப்ப நீங்க நெனைப்பீங்க, சரி, பச்சை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், கணக்கு முடிஞ்சுது. அங்கதான் ஏமாறுவீங்க. கிழக்கு பெல்ஃபாஸ்ட்ல கப்பல் கட்டற பட்டறைக்குப் பக்கத்துல, டைட்டானிக் கட்டுன அதே பட்டறைதான், க்ளென்டோரன்னு கிளப், ஜனம் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், சட்டை பச்சை. கத்தோலிக்க ஜனம் பாக்கற கிளிஃப்டன்வில் சட்டை செகப்பு. ராஜ கீதம் பாடற வட அயர்லாந்து தேசிய டீம் சட்டையும் பச்சைதான். நான் ஒரு தடவ பச்சைச் சட்டை போட்ட ஒரு பெரியவர நேஷனலிஸ்ட்னு நெனைச்சு என்னமோ பேசப் போயி, பக்கத்துல இருந்த ஃப்ரெண்டு கையைப் புடிச்சு இழுத்தான், அது க்ளென்டோரன் சட்டை. அப்பறம் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் சட்டை பாத்தீங்கன்னா அதுல ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது, ரெண்டு பக்கத்து ஆளும் போடுவான், ரெண்டு பக்கத்து ஆளும் ஒரே பார்ல உக்காந்து மேட்ச் பாக்கறதும் உண்டு. வடக்கு டீமுக்கு மனசாரக் கைதட்டற கத்தோலிக்கரும் எனக்குத் தெரியும், அரசியலே வேண்டாம்னு தெக்கயும் வடக்கயும் பாக்காம இருக்கறவங்களும் தெரியும். வடக்கு ஃபுட்பால் சங்கமும் சும்மா இல்லீங்க, 2000த்துல இருந்து மைதானத்துல மதவெறிப் பாட்டு பாடக் கூடாதுன்னு ரசிகர்களோட சேந்தே மெனக்கெட்டாங்க, லென்னன் காலத்து விண்ட்சர் பார்க்குக்கும் நான் போன விண்ட்சர் பார்க்குக்கும் வித்தியாசம் இருக்குதுன்னு பழைய ஆளுக சொன்னாங்க, நானும் உள்ள போயி பயமில்லாமத்தான் உக்காந்திருந்தேன். 2016 யூரோவுக்கு ரெண்டு அயர்லாந்தும் போச்சு, பிரான்ஸ்ல நல்லபடியா நடந்துக்கிட்டதுக்கு ரெண்டு ரசிகர் கூட்டத்துக்கும் பாரிஸ் நகராட்சி பதக்கம் குடுத்துச்சு.

ஆனா மேக்கு பெல்ஃபாஸ்ட்ல கத்தோலிக்க ஜனத்துக்கு உசுரான கேலிக் விளையாட்டு, அதாவது அயர்லாந்தோட பாரம்பரிய விளையாட்டு, அதோட மைதானம் கேஸ்மெண்ட் பார்க்க புதுசாக் கட்டி 2028 யூரோ மேட்ச் நடத்தலாம்னு திட்டம் இருந்துச்சு, செலவு அதிகம், நேரத்துக்கு முடியாதுன்னு 2024 செப்டம்பர்ல பிரிட்டன் அரசாங்கம் கைவிட்டுருச்சு. வடக்கு டீம் ஆளுக நெறைய பேருக்கு அங்க போயி ஆடறதே புடிக்கல, இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு நாங்க இத்தன வருசம் விண்ட்சர் பார்க்குக்கு வர்லையான்னு ஆத்தாமை. 1921ல ஆரம்பிச்ச 'மேட்ச் யார் ஊர்ல' இன்னும் ஓடுதுங்க.

இனி ஒங்க காரியத்துக்கு வர்றேன். அங்க நெறைய பார் வாசல்ல 'ஃபுட்பால் சட்டை போட்டுட்டு உள்ள வரக் கூடாது'ன்னு போர்டு இருக்கும், அது நீங்க போடற எந்த ஜெர்சிக்கும் பொருந்தும். பார்ட் டைம் வேலைக்குப் போனாலும் பல எடத்துல ஃபுட்பால் சட்டைக்குத் தடை, கூட வேலை செய்யறவங்களுக்கு சங்கடம் வரக் கூடாதுன்னு. வேலை அப்ளிகேஷன் கூட ஒரு ஃபாரம் வரும், நீ புராட்டஸ்டன்ட் சமூகமா, கத்தோலிக்க சமூகமா, ரெண்டும் இல்லையான்னு கேட்டு. பயந்துறாதீங்க, 10 பேருக்கு மேல வேலைக்கு வச்சிருக்கற கம்பெனி அந்தக் கணக்கு வச்சே ஆகணும், ஒரு பக்கத்த ஒதுக்காம இருக்கறாங்களான்னு பாக்கறதுக்கு. மூணாவது கட்டத்துல டிக் போடுங்க. நான் திரும்பி வந்த பொறவு அந்த ஊர்ல இருந்து ஒரு சின்ன பார்காரங்க வேலையாளுக போட டி-ஷர்ட் ஆர்டர் குடுத்தாங்க, கலர் கேட்டதுக்கு பச்சை வேண்டாம், ஆரஞ்சு வேண்டாம், நீலம் வேண்டாம், செகப்பு வெள்ளை நீலம் மூணும் சேந்து வரவே கூடாதுன்னு மெயில் மேல மெயில். சாயப்பட்டறைக்காரரு "என்னங்க கலர்ல இத்தன கண்டிசன்"ன்னு குழம்பிப் போனாரு, எனக்கு ஒடனே புரிஞ்சுது, சாம்பல் கலர் சாம்பிள் அனுப்பினேன், ஒரே நாள்ல ஓகே ஆயிருச்சு.

ஜூலை மாசம் மட்டும் சித்த பாத்து நடந்துக்கங்க, 11ஆம் தேதி ராத்திரி யூனியனிஸ்ட் ஏரியாவுல பெரிய பெரிய நெருப்பு மூட்டுவாங்க, 12 ஊர்வலம், அந்த ரெண்டு நாளும் எந்த டீம் சட்டையும் வேண்டாம். ரோட்டோரக் கல்லுல செகப்பு வெள்ளை நீலம் அடிச்சிருந்தா அது யூனியனிஸ்ட் ஏரியா, பச்சை வெள்ளை ஆரஞ்சு இருந்தா நேஷனலிஸ்ட் ஏரியா, வழி தவறுனா கல்லப் பாருங்க. ஜனங்க நெம்ப நல்லவங்க தம்பி, ரெண்டு பக்கமும். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப சூப் கொண்டாந்து குடுத்த பக்கத்து ஊட்டு அம்மா ரேஞ்சர்ஸ் குடும்பம்.

யாராவது எந்த டீம்னு கேட்டா சென்னை சிட்டின்னு சொல்லுங்க, 2019 மார்ச்ல நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல ஐ-லீக் ஜெயிச்ச கதையச் சொல்லுங்க. நான் அன்னைக்கு அங்கதான் இருந்தேன், டீம் பேர்ல சென்னை, ஆடுனது கோயமுத்தூர், பக்கத்துல உக்காந்திருந்தவங்க ஒருத்தரும் என்ற ஊர் பேரக் கூட கேக்கல, கோல் உழுந்தப்ப கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. பெல்ஃபாஸ்ட்ல இதைச் சொல்லும்போதெல்லாம் ஆர்வமா கேட்டுக்குவாங்க.

போனதும் ஒரு சனிக்கிழமை கிளிஃப்டன்வில் கிரவுண்டுக்குப் போங்க, சாலிட்யூடுன்னு பேரு, அடுத்த சனிக்கிழமை விண்ட்சர் பார்க். ரெண்டுக்கும் ஒரே கோட்டுப் போட்டுட்டுப் போங்க, சாதா கருப்புக் கோட்டு, உள்ள ஸ்வெட்டர். அக்டோபர்லயே குளிரு எலும்பத் தொடும், மழை பக்கவாட்டுல அடிக்கும், கொடை நிக்காது.